மாவு பொங்காத ஊரில்

என் தங்கை மங்கை பாரிஸிலிருந்து போனில் அழைத்து, "எக்கா, பனியில வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு" என்றபோது நான் பாளையங்கோட்டையில் என் தையல் வகுப்பில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது எனக்குப் புரியவேயில்லை. எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் ஈரம். அதில் ஒரு ஆள் எப்படி வழுக்கி விழ முடியும்?

கை ஒடிந்ததைவிட அவளுக்குப் பெரிய கவலை இட்லி. மங்கை வீட்டிலேயே மாவு அரைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து, லாச்சப்பல் தெருவில் தவராசா அண்ணையின் மளிகைக் கடையில் வைத்து விற்கிறாள். அந்தத் தவராசா அண்ணையின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். காலைச் சிற்றுண்டிக்கு முந்நூறு இட்லியை மங்கையிடமே சொல்லிவிட்டார். அவளுக்குக் கிடைத்த முதல் கல்யாண ஆர்டர். "இதைச் சரியா செஞ்சுட்டா அடுத்த கல்யாணம் தானா வரும்க்கா. ஒத்தைக் கையால கிரைண்டரைக் கழுவக்கூட முடியல. நீ வந்திருதியா?" என்றாள்.

நான் அதுவரை திருச்செந்தூருக்கு அப்பால் கடல் கண்டவள் இல்லை. ஆனாலும் தையல்காரி அல்லவா, குளிருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நல்ல கம்பளித் துணி வாங்கி, உள்ளே பஞ்சு வைத்து, நெருக்கமாகத் தையல் ஓட்டி, முழங்கால் வரை வரும்படி ஒரு கோட்டை நானே தைத்தேன். மூன்றாவது வரிசைத் தையல் போடும்போதே எனக்கு வியர்த்து ஊற்றியது. இதைப் போட்டால் துருவத்துக்கே போகலாம் என்று என் மாணவிகளிடம் பெருமையடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பாரிஸ் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்து மூடுவதற்குள் அந்தப் பெருமை போய்விட்டது. காற்று என் கோட்டின் ஒவ்வொரு ஊசித் துளையையும் தேடிக் கண்டுபிடித்து உள்ளே வந்தது. நெருக்கமாகத் தைக்கத் தைக்கத் துளைகளும் நெருக்கமாகத்தானே இருக்கும்? அந்த எளிய கணக்கு எனக்குப் பாளையங்கோட்டையில் உதிக்கவில்லை. மங்கையின் கணவர் சிவராமன் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அதே விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் பிரிவில் வேலை. அவர் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "அழகா இருக்குதுங்க அக்கா. இதுக்கு மேல இதைப் போட்டுக்குங்க" என்று, கையோடு கொண்டு வந்திருந்த ஒரு பருத்த கறுப்பு மேலங்கியை நீட்டினார். என் கோட்டு அன்றிலிருந்து உள்பாடியாகிவிட்டது.

அன்று மைனஸ் ஏழு என்றார்கள். எண்ணைக் கேட்டபோது பயம் வரவில்லை. கண்ணிலிருந்து தானாக நீர் வடிந்து, அது கன்னத்தில் ஊசியாய்க் குத்தியபோதுதான் வந்தது.

வியாழக்கிழமை மதியம் மங்கையோடு லாச்சப்பலுக்கு நடந்தேன். அவர்கள் வீடு பக்கத்திலேயே, மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. மெட்ரோ ரயில் அங்கே தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. பாலத்துக்கு அடியில் கடலை வறுத்து விற்கும் ஒருவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடலை வாங்கியவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் அவருடைய அடுப்புக்கு வந்தவர்கள்.

தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு ஊர் வந்துவிட்டதுபோல் இருந்தது. கொத்து ரொட்டி போடும் தகரச் சத்தம், நகைக்கடை, புடவைக்கடை, கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய மட்டன் ரோல்ஸ். வித்தியாசம் என்னவென்றால் பட்டுப் புடவைக்கு அடியில் எல்லாப் பெண்களும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நானும்தான். புடவைக்குள் கம்பளிக் காலுறை, அதற்கு மேல் மங்கையின் ஜீன்ஸ். நடைபாதையில் கூழாய்க் கிடந்த பனி பட்டுப் பட்டு என் புடவையின் கீழ்க்கரை நனைந்து, நனைந்தது அப்படியே உறைந்து, கஞ்சி போட்டுத் தேய்த்ததுபோல் விறைத்து நின்றது. நடக்கும்போது காலில் டக் டக்கென்று தட்டியது. தையல்காரியாக இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு ஓரத்தை நான் கண்டதில்லை.

தவராசா அண்ணை கடை வாசலில் முருங்கைக்காயையும் வாழைக்காயையும் ஒரு கம்பளிப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தார். ஓரத்தில் மூட மறந்த கறிவேப்பிலைக் கட்டு கறுத்து, கசக்கினால் நொறுங்கும்படி கிடந்தது.

"வாங்கோ அக்கா, வாங்கோ. இஞ்சை மரக்கறிக்கும் உடுப்புப் போடவேணும்" என்று சிரித்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதை மூடிய தொப்பிக்குள் முகம் சிவந்திருந்தது. இஞ்சித் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்பிளை வீட்டுக்காரர் பாண்டிச்சேரி ஆக்கள். காலமையிலை இட்டலி இல்லாட்டிச் சாப்பிட்டதாவே நினைக்க மாட்டினம். மாப்பிளையின்ரை தகப்பன் சரியான நாக்குக்காரன். நாங்கள் யாழ்ப்பாணத்தார், எங்களுக்கு உந்த இட்டலிக் கணக்குத் தெரியாது. என்ரை மானம் இப்ப உங்கடை பானையிலைதான் கிடக்கு."

"பயப்படாதீங்க அண்ணை" என்று மங்கை சொன்னாள். அவளுக்குப் பயமே இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. ஏனென்றால் அவளிடம் ஒரு ரகசிய ஆயுதம் இருந்தது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே, வெந்நீர் ஓடும் இரும்புக் கணப்பு. கட்டடம் முழுவதற்கும் பொதுவான கொதிகலனிலிருந்து எல்லா வீட்டுக்கும் வெந்நீர் வரும். மாவு வாளியை அதன் மேல் ஒரு பலகை போட்டு வைத்து, துண்டால் போர்த்திவிட்டால், வெளியே மைனஸ் ஏழானாலும் மைனஸ் பத்தானாலும் மறுநாள் காலையில் மாவு பொங்கி நிற்கும். அதை நம்பித்தான் அவள் தொழிலே நடந்தது.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அரைத்தோம். அவள் ஒரு கையால் தண்ணீர் ஊற்ற, நான் இரண்டு கையாலும் வழித்தேன். உளுந்து என்னவோ நன்றாகத்தான் அரைபட்டது. ஆனால் உப்புப் போட்டுக் கையால் கலக்கும்போது விரல் முழுக்க மரத்துவிட்டது. குழாய்த் தண்ணீர் அப்படிச் சில்லிட்டிருந்தது. மூடி போட்ட இரண்டு பெரிய பிளாஸ்டிக் வாளிகளில் மாவை நிரப்பி, கணப்பின் மேல் ஏற்றி, போர்த்திவிட்டு, காப்பி குடிக்க உட்கார்ந்தோம்.

சாயங்காலம் சிவராமன் வேலையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றார். மூக்கை உறிஞ்சினார். "ஷோஃபாஜ் பான் ஆயிடுச்சு" என்றார். கணப்பு பழுது என்பதை அவர் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஓடிப்போய் வாளிக்கடியில் கை வைத்துப் பார்த்தேன். இரும்பு, இரும்பைப் போலவே இருந்தது.

கொதிகலன் நின்றது எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்தக் கட்டடம் முழுமைக்கும். படிக்கட்டில் எல்லா மாடியிலும் கதவு திறந்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள். மெக்கானிக் சனிக்கிழமை வருவார் என்றார் ஒருவர். திங்கள் என்றார் இன்னொருவர். எல்லாரும் மின்சாரக் கணப்பை எடுத்து ஒரே நேரத்தில் சொருகியதும் மின்சாரமும் போனது. பிறகு வந்தது, மறுபடி போனது. மங்கையின் ஓவன் அடுப்புக்குள் அந்த வாளியின் மூடிகூட நுழையாது. அன்று நாங்கள் மூவரும் தொப்பி போட்டுக்கொண்டுதான் தூங்கினோம். எனக்கிருந்த இரண்டு போர்வையில் ஒன்றை எழுந்து போய் வாளிக்குப் போர்த்தினேன்.

சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தோம். மாவு, ஊற்றியபோது எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. கரண்டியை விட்டால் நட்டமாக நின்றது. கொத்தனார் குழைத்து வைத்துவிட்டுப் போன சிமெண்ட் தோற்றது. பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் மாவைக் கரைத்துவிட்டு ஒரு சீரியல் பார்த்து எழுந்தால் பாத்திரத்தைத் தாண்டித் தரையில் வழிந்துகொண்டிருக்கும். அதைத் துடைக்கும்போதெல்லாம் நான் வெயிலைத் திட்டியிருக்கிறேன்.

மங்கை அழுதாள். ஒடிந்த கை வலித்தபோதுகூட அழாதவள். "நாளைக்குக் காலையில கல்யாணம்க்கா. கல்லு மாதிரி இட்லியைக் கொண்டு போய் வச்சா அண்ணை முகத்துல எப்படி முழிப்பேன்?"

"எதாவது ஓட்டல் அடுப்பங்கரையில கொண்டு போய் வைப்போமா? அங்கே சூடாத்தானே இருக்கும்?" என்றேன்.

"இந்தத் தெருவுல ஒரு ஓட்டல்ல போய்ச் சொன்னா, நாம வீடு திரும்புறதுக்கு முன்னாடி அவர் காதுல விழுந்துரும். அவர் பதறிப்போய் வேற ஆளுக்குச் சொல்லிருவார்."

சிவராமன் அன்று வேலைக்குப் போயாக வேண்டும். குளிருக்குப் பாதிப் பேர் விடுப்பு எடுத்திருந்தார்கள். போகும்போது அழுக்குத் துணி மூட்டையை மாட்டி வைத்திருந்த ஆணியைப் பார்த்து, "லாவ்ரிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாவது வாங்க, அங்க கதகதப்பா இருக்கும்" என்றார். லாவ்ரி என்பது காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. மங்கையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் வாளியை உட்கார வைப்பதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம்.

சக்கரம் வைத்த காய்கறிப் பை ஒன்று வீட்டிலிருந்தது. பக்கத்து வீட்டில் இன்னொன்று கடன் வாங்கினோம். ஆளுக்கு ஒரு வாளி. மேலே அழுக்குத் துணியைப் போட்டு மறைத்தோம். நாலு மாடியை எப்படி இறக்கினோம் என்பதை நான் இப்போதும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. தெருவில் பனி இறுகிக் கண்ணாடியாக மின்னியது. நான் வாத்து மாதிரி காலை அகட்டி வைத்து நடந்தேன். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் நடந்தார்கள் என்பதால் வெட்கமாக இல்லை.

திருப்பத்தில் எதிரே வந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கையிலும் கல்யாணச் சாமான் பைகளோடு தவராசா அண்ணை.

"எங்கை வெளிக்கிட்டியள்?"

"துணி துவைக்கண்ணை" என்றாள் மங்கை.

"இண்டைக்கோ? நாளைக்குக் கலியாணத்தை வைச்சுக்கொண்டு?" என்றவர், அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுப் பைகளை என்னிடம் கொடுத்து அவள் வண்டியைப் பிடித்தார். "விடுங்கோ தங்கச்சி, நான் இழுக்கிறன்." இழுத்தவர் அப்படியே நின்றார். "அம்மாடி! உதுக்குள்ளை என்ன கல்லோ?"

"போர்வை அண்ணை. ஈரப் போர்வை."

அவர் கடை வாசல் வரை இழுத்து வந்து விட்டுவிட்டு, "மாவெல்லாம் தயாரோ?" என்று கேட்டார். "நேத்தே அரைச்சாச்சு" என்றேன் நான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

லாவ்ரியின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்று பாளையங்கோட்டைப் பங்குனிக் காற்று. சோப்பு மணம் மட்டும்தான் கூடுதல். ஒரு சுவர் முழுக்கத் துவைக்கும் யந்திரங்கள், எதிர்ச் சுவரில் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த உலர்த்தும் யந்திரங்கள், நடுவில் நீள பெஞ்சு. பெஞ்சில் இடமே இல்லை. அவர்களில் பாதிப் பேரிடம் துணியே இல்லை. எங்களைப் போலக் கணப்பு செத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

உலர்த்தும் யந்திரங்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் பூப்போட்ட துணியைத் தலையில் உயரமாகச் சுற்றிய ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். என் வயதிருக்கும், என்னைப்போல இரண்டு மடங்கு அகலம். நாங்கள் துணியை விலக்கி வாளியை வெளியே எடுத்ததும் அவர் கண்ணை விரித்தார். மங்கை பிரெஞ்சில் நாலு வாக்கியம் சொன்னாள். அந்தப் பெண்மணி எழுந்து, தன் பக்கத்திலிருந்தவரையும் எழுப்பி, யந்திரத்தை ஒட்டிய இடத்தைக் காட்டினார். வாளிகள் உட்கார்ந்தன. போர்வையைச் சுற்றியதும் அவரே வந்து நுனியை இழுத்துச் செருகினார்.

மாலி நாட்டுக்காரர். பெயர் மரியாமா என்றார். நான் மாரியம்மா என்று காதில் வாங்கிக்கொண்டேன். கடைசி வரை அப்படியேதான் கூப்பிட்டேன், அவரும் திரும்பிப் பார்த்தார்.

உலர்த்தும் யந்திரம் ஓடினால்தான் சூடு. ஓட வேண்டுமானால் உள்ளே துணி வேண்டும். எங்கள் மூட்டை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கடையின் நிர்வாகத்தை மாரியம்மா எடுத்துக்கொண்டார். யார் ஈரத் துணியோடு எழுந்தாலும், "அதில் போடாதே, இதில் போடு" என்று வாளிக்குப் பக்கத்து யந்திரத்தைக் காட்டினார். ஒரு வாலிபன் ஏன் என்று கேட்டான். "கல்யாணம்" என்றார் அவர். அவனுக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

மெக்கானிக் வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டுமென்று மதியம் மங்கை வீட்டுக்குப் போனாள். நான் தனியாக வாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வணக்கமும் நன்றியும்தான். மாரியம்மா தன் பையிலிருந்து வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு எடுத்துப் பாதி கொடுத்தார். நான் முறுக்குக் கொடுத்தேன். அவர் என் கோட்டின் உள்தையலைத் திருப்பிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார். பிறகு இடது கைப் பக்கம் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். தையல் பிரிந்திருந்தது. அந்த நாட்டில் என் கோட்டைக் கோட்டாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

இரண்டு மணி வாக்கில் ஒரு மனிதர் சாவிக் கொத்தோடு வந்தார். கடையைப் பார்த்துக்கொள்பவர் என்று நடையிலேயே தெரிந்தது. வாளியைப் பார்த்தார், முகர்ந்தார், என்னிடம் ஏதோ கேட்டார். நான் "வணக்கம்" என்றேன். அவர் மறுபடி கேட்டார். "நன்றி" என்றேன். அவர் வாளியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். நான் எழுந்து வாளியின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு தமிழில், "தொடாதீங்கய்யா, இது ஒரு பிள்ளையோட கல்யாணச் சாப்பாடு" என்று சொன்னேன். வேறு மொழி வரவில்லை.

மாரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். அவர் பேசியது அரை நிமிஷம்கூட இருக்காது. பெஞ்சே திரும்பிப் பார்த்தது. பிறகு மங்கை வந்து, மாரியம்மாவிடம் கேட்டு அதை எனக்கு விளக்கினாள். "இந்தம்மா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள். உள்ளே இருப்பது கல்யாண வீட்டு ரொட்டி. நீ இதைத் தூக்கி வெளியே வைத்தால் நாளைக்கு ஒரு கல்யாணப் பெண் உன்னால் அழுவாள். உனக்குப் பெண் பிள்ளை இருக்கிறதா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்கு இரண்டு பெண் பிள்ளைகளாம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். சாயங்காலம் பனி கொட்டப் போகிறது, ஐந்து மணிக்குக் கடையை அடைத்துவிடுவேன், அதுவரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கடிகாரத்தையும் வாளியையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் வேலை. மூன்று மணிக்கு மூடியை லேசாகத் தூக்கினேன். ஓரத்தில் இரண்டு குமிழி. எனக்கு நம்பிக்கையில்லை. மங்கை திரும்பி வந்துவிட்டாள். மெக்கானிக் வரவில்லை. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்நேரம் பார்த்து உலர்த்த யாரிடமும் துணியில்லாமல் போனது. யந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடை அமைதியாகிவிட்டது.

மூலையில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் காலையிலிருந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வாளியைக் கண்டு முகம் சுளிக்கிறார் என்றுகூட நான் நினைத்திருந்தேன். அவர் மெல்ல எழுந்தார். கழுத்தில் சுற்றியிருந்த நீளமான சால்வையைக் கழற்றினார். துவைக்கும் யந்திரத்துக்குப் பக்கத்திலிருந்த தொட்டிக் குழாயில் அதை நனைத்தார். பிழிந்தார். வாளியை ஒட்டிய யந்திரத்துக்குள் போட்டுக் காசைப் போட்டுவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

மாரியம்மா தன் கையுறைகளை நனைத்தார். அந்த வாலிபன் தொப்பியை நனைத்தான். நான் என் கோட்டைக் கழற்றி நனைத்தேன். பஞ்சு வைத்த கோட்டு, காய நேரமாகும். எங்களுக்கு அதுதானே வேண்டும்!

நாலரைக்குச் சற்று முன்னால் அந்த வயதானவர்தான் முதலில் கண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேனாவை நீட்டி, "அம்மா, ஏறுகிறது" என்றார். ஒரு வாளியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. நான் திறந்தேன். மாவு விளிம்பு வரை வந்து, நடுவில் குடைபோல் உப்பி, மேலெல்லாம் ஓட்டை ஓட்டையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புளிப்பு வாசனை சோப்பு வாசனையை அடித்து விரட்டியது. மங்கை ஒற்றைக் கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாரியம்மா நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார் பாருங்கள், எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்குக்கூட அப்படி ஒரு குலவையை நான் கேட்டதில்லை.

மேலே பொங்காமல் தடுக்க ஒரு செலவும் ஆகவில்லை. வாளிகளைக் கொண்டு வந்து மாடிப்படி வளைவில் வைத்தோம், அவ்வளவுதான். பாரிஸ் நகரமே எங்களுக்குக் குளிர்பதனப் பெட்டியாக இருந்தது.

ஞாயிறு விடியற்காலையில் அடுப்பின் நான்கு கண்ணிலும் இட்லிக் கொப்பரை ஏறியது. ஆவியில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் வழிந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் தொப்பியைக் கழற்றினோம். இட்லி ஒவ்வொன்றும் தட்டிலிருந்து தானாகவே கழன்று வந்தது. வெந்த இட்லிகளை நனைத்த துணியில் சுற்றி, பெரிய பெட்டிகளில் அடுக்கினோம்.

கல்யாண மண்டபம் பாரிஸுக்கு வெளியே, பியர்ஃபித் என்ற புறநகரில். ரயில் ஓடவில்லை, பாதையில் பனி. தவராசா அண்ணை தன் காய்கறி வேனைச் சாவியோடு முந்தின நாளே வீட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சிவராமன் சாவியைத் திருப்பினார். கதவு அசையவில்லை, உறைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் வெந்நீர் கொண்டுவர ஓடினேன். "வேண்டாம்க்கா, ஊத்தின தண்ணியும் சேர்ந்து உறைஞ்சிரும்" என்று மங்கை கத்தினாள். கடைசியில் கொப்பரையிலிருந்து எடுத்த இட்லித் துணிகளைச் சூடாகச் சுருட்டிக் கதவின் விளிம்பில் ஒத்தடம் கொடுத்தோம், சுளுக்கு விழுந்த காலுக்குக் கொடுப்பதுபோல. சிவராமன் காலை ஊன்றி இழுத்தார். கதவு திறந்து, அவர் பின்னால் பனிக் குவியலில் போய் உட்கார்ந்தார். எழுந்து, "நல்ல வேளை, இந்த வீட்ல ஒரு கை ஒடிஞ்சது போதும்" என்றார்.

மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கியிருந்தது. நாங்கள் தாமதமில்லை, ஆனால் தவராசா அண்ணை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தே வேட்டியைக் கசக்கியிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கோட்டு சூட்டும் நெற்றியில் திருநீறுமாக முதல் பந்தியில் உட்கார்ந்தார். பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். இலையில் இட்லி வைத்ததும் விரலால் ஒரு அழுத்து அழுத்தி, அது மேலே எழும்புகிறதா என்று பார்த்தார். தவராசா அண்ணை சாம்பார் வாளியோடு அவருக்கு எதிரே சிலையாக நின்றார். மங்கை என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்தது கட்டுப் போட்ட கையால் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அவர் ஒன்றைச் சாப்பிட்டார். இரண்டாவதைச் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, "த்ரே பியான்! பிரமாதம்! நம்ம வீட்டு இட்லி மாதிரியே இருக்குதே, யாரு செஞ்சது?" என்றார். "இன்னும் ரெண்டு போடுங்க சம்பந்தி."

தவராசா அண்ணை இரண்டு கேட்டவருக்கு நாலு போட்டார்.

எல்லாம் முடிந்து, பெட்டிகள் காலியாகி, அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தபோது மங்கையால் அடக்க முடியவில்லை. லாவ்ரிக் கதையை அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். "அப்ப நான் இழுத்தது மாவையோ? ஐயோ, என்ரை வீட்டிலை ஷோஃபாஜ் நல்லா வேலை செய்யுது. அங்கை கொண்டுவந்து வைச்சிருக்கலாமே!" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "இல்லை, நல்ல காலம் நீங்கள் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நான் நித்திரை கொண்டிருக்க மாட்டன்." அடுத்த மாதம் தன் மச்சான் மகனுக்குக் கல்யாணம், அதற்கும் மங்கைதான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மிச்ச மாவில் இட்லி ஊற்றி, தேங்காய்ச் சட்னி அரைத்து, நான் மட்டும் லாவ்ரிக்குப் போனேன். முந்தின நாள் பனி கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. வாத்து நடை இப்போது எனக்குப் பழகிவிட்டது. மாரியம்மா, குறுக்கெழுத்துக்காரர், தொப்பி வாலிபன் எல்லாரும் இருந்தார்கள். சாவிக்கொத்து மனிதரும் இருந்தார். பெஞ்சில் டப்பாவைத் திறந்தேன்.

மாரியம்மா ஒரு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டு, தலையை ஆட்டி, யோசித்து, முகத்தைச் சுருக்கினார். காரம் போதாதாம். பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். சிவப்பாக ஒரு மிளகாய் விழுது. தொட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் கட்டை விரலை உயர்த்தினார். நானும் தொட்டேன். காதிலிருந்து புகை வந்தது. அந்த ஊருக்கு வந்த பிறகு என் மூக்கு நுனி சூடானது அப்போதுதான். பிரெஞ்சுக்காரர் சர்க்கரை தொட்டு மூன்று சாப்பிட்டார். சாவிக்கொத்து மனிதர் தன் பங்கில் இரண்டை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டார். பெண் பிள்ளைகளுக்காக இருக்க வேண்டும்.

போன் அடித்தது. மங்கை. "எக்கா, மெக்கானிக் வந்து சரி பண்ணிட்டாரு, வீடு சூடாயிருச்சு, வந்திரு" என்றாள். அந்த வாலிபனின் போனும் அடித்தது. அதே செய்திதான் போலிருக்கிறது, சுற்றியிருந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே எதையோ சொன்னான். ஓ என்று எல்லாரும் மகிழ்ச்சிக் குரல் எழுப்பினார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மாரியம்மா கொஞ்சம் நகர்ந்து எனக்கு இன்னும் இடம் விட்டார்.